அடாப்டர் சைபர்

அந்தப் போன் நூறு ஆயிட்டு தம்பி, பாத்தீயளா? நூறுக்கு மேல அது எங்க போகப் போகுது? இன்னும் எதுக்கு மாட்டிப் போட்டிருக்கீய? நீங்க எந்திரிக்க வேண்டாம், உக்காருங்க. சுவிட்ச் போர்டு என் பக்கத்துலதான இருக்கு. இந்தா, அணைச்சாச்சு. நன்றியெல்லாம் எதுக்கு, இது நம்ம தொழில்.

காலைல எழும்பூர்ல ஏறினதுல இருந்து பாக்கேன், மடியில லேப்டாப்ப வச்சுக்கிட்டு கறுப்பு ஸ்கிரீன்ல வெள்ளை எழுத்தாத் தட்டிக்கிட்டே வாரீய. அந்தக் கறுப்பு ஸ்கிரீனைக் கண்டாலே எனக்கு ஆகாது. உங்களைச் சொல்லல, தப்பா எடுத்துக்கிடாதீய. என் மகளுக்கும் இதே சோலிதான். அவ லேப்டாப்புனாலதான் நான் இன்னைக்கு இந்த ரயில்ல உக்காந்திருக்கேன்.

தொழில்னு சும்மா சொல்லல. மின்சார வாரியத்துல ஏ.இ.யா, உதவிப் பொறியாளரா இருந்து ரிட்டயர் ஆனவன் நான். ஆவுடையப்பன்னு பேரு. கோயில்பட்டி சுத்துப்பட்டுல கேட்டுப் பாருங்க. பராமரிப்புக்காக காலைல இருந்து சாயங்காலம் வரை மின்தடைன்னு பேப்பர்ல போடுவாவல்லா, எங்க பக்கத்துல அதை அணைக்கது நாந்தான். அரவை மில்லு, கல்யாண மண்டபம், தீப்பெட்டி ஆபீஸ் எல்லாம் என் ஒரு கைக்குக் கட்டுப்பட்டு நிக்கும். எங்க மேலதிகாரி வீட்டுக் காதுகுத்துக்கே நான் ஷட் டவுனைத் தள்ளி வைக்கல. பந்தியில வேர்த்து ஊத்திக்கிட்டே எல்லாரும் என்னைத்தான் பேசினாவளாம். பேசட்டும். அப்பேர்ப்பட்ட என்னைப் போயி ஒரு லேப்டாப்பு ஏசிச்சுன்னா நம்புவீயளா? அதுவும் என் மக கொரல்ல.

இருங்க, மொதல்ல இருந்து சொல்லுதேன். மதுரை தாண்டித்தான் நான் தூங்குவேன், நேரம் கெடக்கு.

எங்க வீட்டம்மா போய்ச் சேந்து ரெண்டு வருஷம் ஆகப் போகுது. ஒரே மக, காந்திமதி. தனியாக் கெடந்து என்ன செய்யப் போறீய, எங்கூட வந்திருங்கப்பான்னு மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. வேளச்சேரியில வாடகை வீடு, பழைய கட்டடம், மாடி. மாப்பிள்ளை காலைல ஆபீசுக்குப் போனா ராத்திரிதான் வருவாரு. மகளுக்கு வீட்டுல இருந்தே வேலை. எனக்குன்னு தனி ரூம், கட்டில், காலுக்கு நேரா பேன். மருந்து மாத்திரை எல்லாம் அவளே எடுத்து வச்சிருவா. இனி கடைசி வரைக்கும் இங்கதான்னு நானும் என் பெட்டியைப் பரண்ல ஏத்திட்டேன்.

எனக்கு ஒரு பழக்கம் பாத்துக்கிடுங்க. ஆளில்லாத ரூம்ல லைட்டு எரிஞ்சா எனக்கு நெஞ்சு எரியும். ஒண்ணு ஒண்ணா அணைக்கதெல்லாம் புதுப் பயலுவ வேலை. நமக்கு போர்டுல உள்ளங்கையை வச்சு மேல இருந்து ஒரே இழுப்பு. வரிசையா எல்லாம் படுத்துரும். மக வீட்டுல போன மறுநாள் பிரிட்ஜும் அந்த இழுப்புல சேந்து போச்சு. இட்லி மாவு பொங்கி, கதவு இடுக்கு வழியாத் தரைக்கு வந்துட்டு. அதுக்கு நான் என்ன செய்ய? லைட்டு சுவிட்சுக்குப் பக்கத்துல பிரிட்ஜு சுவிட்சை வச்சவனைல்லா கேக்கணும்.

எங்க வீட்டம்மா இருந்தப்ப இந்தப் பிரச்சினையே கெடையாது. நான் அணைச்சிட்டுப் போவேன். அவ ஒரு வார்த்தை பேசாம பின்னாலயே வந்து, எது வேணுமோ அதைப் போட்டுட்டுப் போயிருவா. கல்யாணமான நாள்ல இருந்து அப்படித்தான் குடும்பம் நடந்துச்சு. அவ போடுதாங்கதே எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

சரி, கதைக்கு வாரேன். மக லேப்டாப்பு திடீர் திடீர்னு படுக்க ஆரம்பிச்சுட்டு. மீட்டிங் நடந்துக்கிட்டே இருக்கும், பொசுக்குன்னு ஸ்கிரீன் கறுத்துரும். புது அடாப்டர் வாங்கினா. கடையில கொண்டு குடுத்தா, ஒரு கோளாறும் இல்லைன்னு திருப்பிக் குடுத்துட்டான். அப்ப மாப்பிள்ளை வந்து, மாமா, நீங்க கரண்ட்ல பெரிய ஆளு, நீங்க ஒரு தடவை பாருங்கன்னாரு. நல்ல மனுசன், யார்ட்ட எதைக் கேக்கணும்னு தெரிஞ்சவரு.

நான் டெஸ்டரை எடுத்துட்டுப் போயி சுவிட்சைப் போட்டு வச்சுப் பாத்தேன். பளிச்சுன்னு எரியுது. சப்ளை முழுசா இருக்கு. கொஞ்ச நேரம் கழிச்சு மக வந்து உக்காந்தா, கரண்ட் இல்லைங்குது லேப்டாப்பு. திரும்பப் போயி போட்டுப் பாத்தா எரியுது. நான் பாக்கும்போது இருக்கு, அவ பாக்கும்போது இல்ல. இதுக்கு எங்க பாஷையில லூஸ் கனெக்ஷன்னு பேரு. வீட்டுக்காரன் வயரிங்கே சரியில்லைன்னு எழுதிக் குடுக்காத குறையாச் சொல்லிட்டேன்.

நீங்க என்ன கேக்க வாரீயன்னு புரியுது. ஆமா, அந்தச் சுவிட்சும் அதே வரிசையிலதான் இருந்துச்சு. ஆனா ஆள் இருக்க ரூம்ல நான் கை வைக்கவே மாட்டேன். அவ தண்ணி குடிக்கப் போனா, குளிக்கப் போனா, கொரியர் வந்து கதவைத் தெறக்கப் போனா, அப்ப மட்டுந்தான். அவ சொருகி வச்சிட்டுப் போயிருந்தாலும் வேலை நடக்கலைல்லா? நடக்காத வேலைக்கு எதுக்குக் கரண்ட்?

அப்பதான் காந்திமதி அந்தக் கறுப்பு ஸ்கிரீனைத் தெறந்து காட்டினா. மத்தவங்க லேப்டாப்புல மூலையில பேட்டரிப் படம் ஒண்ணு இருக்கும்லா, இவ அதையெல்லாம் எடுத்துட்டா. கண்ணை உறுத்துதாம். இவளுக்கு எல்லாம் தட்டித்தான் பாக்கணும். இங்கிலீஷ்ல ஏ, சி, பி, ஐ. இடம் விட்டு ஒரு சின்னக் கோடு, ஒட்டி இன்னொரு ஏ. தட்டி என்டரை அமுக்கினா. அடாப்டர் சைபர், ஆன்-லைன் அப்படின்னு ஒரு வரி வந்துச்சு. பெறவு சுவிட்சை அணைச்சிட்டு அதையே திரும்பத் தட்டினா. அடாப்டர் சைபர், ஆஃப்-லைன். அவ்வளவுதான்ப்பா, லைன் இருக்கா இல்லையான்னு இது சொல்லிரும்னா.

நானும் கேட்டேன். உள்ளது ஒரே ஒரு அடாப்டர், அதுக்கு நம்பர் எதுக்கு? அந்த நம்பரும் ஒண்ணு இல்ல, சைபராம். நான் எங்க டிரான்ஸ்பார்மருக்கு சைபர்னு நம்பர் போட்டிருந்தா மெமோ குடுத்திருப்பாவ. அப்புறம், சொருகியிருக்கான்னு பாக்க குனிஞ்சு சொவத்தைப் பாத்தாப் போதாதா, அதுக்கு எதுக்கு இவ்வளவு தட்டணும்னேன். சொருகித்தான்ப்பா இருக்கு, கரண்ட் வருதாங்கதுதான் கேள்வின்னு சொல்லிட்டு என்னையே பாத்தா. எதுக்கு என்னைப் பாக்கணும்? சப்ளை போனா இ.பி.க்காரனைப் பாக்கது இந்த நாட்டுல எல்லாருக்கும் ஒரு வியாதி.

அதோட விட்டாளா? அந்த நாலெழுத்தை லேப்டாப்பு தானே தட்டித் தட்டிப் பாத்துக்கிடுத மாதிரி ஏதோ எழுதி வச்சுட்டா. ஆஃப்-லைன்னு வந்தா சத்தம் குடுக்கும். மணி அடிச்சாலும் பரவாயில்ல. அவ கொரலையே பதிஞ்சு வச்சிருக்கா. மறுநாள் அவ குளிக்கப் போன நேரம் பாத்து நான் ரூமுக்குள்ள போயி வழக்கம்போல ஒரு இழுப்பு இழுத்தேன் பாருங்க, ஆளில்லாத ரூம்ல இருந்து, 'அப்பா, சுவிட்ச்'ங்குது. நான் ஒரே எட்டுல வெளிய வந்துட்டேன். நாய் மாதிரி ஒரு காவலைப் போட்டு வச்சிருக்கா, பெத்த அப்பனுக்கு.

அன்னைல இருந்து அந்த வீட்டுல எனக்கு மரியாதை போச்சு. சாப்புட உக்காந்தா உள்ள இருந்து, அப்பா சுவிட்ச். மாப்பிள்ளை லீவுல இருந்தாரு, அவரு முன்னால, அப்பா சுவிட்ச். ஒரு நாள் தெருவுக்கே கரண்ட் போயிட்டு, அதுக்கும் என்னையத்தான் கூப்பிடுது. அப்ப நான் கட்டில்ல படுத்திருக்கேன் தம்பி. இதை எங்க போயிச் சொல்ல?

நானும் சும்மா இருக்கல. அந்த லேப்டாப்புல ஒரு சாவியில ஒலிபெருக்கிப் படம் போட்டு அடிச்சு விட்டிருக்கும்லா, அதைக் கண்டுபிடிச்சேன். மொதல்ல அதை ஒரு அமுக்கு, பெறவு இழுப்பு. ஊமையாயிட்டு. சத்தமும் கரண்ட்டைத்தான் தின்னும், அதுவும் ஒரு சிக்கனந்தான?

இப்படிப் போய்க்கிட்டிருக்கையில அவளுக்கு ஒரு இன்டர்வியூ வந்துச்சு. வெளிய இல்ல, அவ கம்பெனிக்குள்ளயே. இப்ப பாக்கதுக்கு மேல பெரிய பதவி, அவளுக்குக் கீழ ஒரு கூட்டமே வேலை பாக்குமாம். சிங்கப்பூர்ல இருந்து பெரிய அதிகாரி லேப்டாப்பு வழியாப் பேசுவாராம். நாலு வருஷமா அந்த இடத்துக்குத்தான் தம்பி அவ கெடந்து உழைச்சா. அவ அம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்பக்கூட பக்கத்து நாற்காலியில உக்காந்து தட்டிக்கிட்டுத்தான் இருந்தா. முந்தின நாள் எங்கிட்ட வந்து, நாளைக்கு ஒரு நாள் மட்டும் எதையும் தொடாதீங்கப்பான்னு கையைப் பிடிச்சுச் சொன்னா.

எனக்கு மனசு கேக்கல. நம்ம பிள்ளைக்கு இவ்வளவு பெரிய காரியம், சொவத்துல லூஸ் கனெக்ஷனை வச்சுக்கிட்டு அவ உக்காரலாமா? நடுவுல போயிட்டுன்னா? நான் ஒருத்தன் வீட்டுல இருந்து என்ன பிரயோசனம்? வரவேற்பறை போர்டுல இருந்துதான் அவ ரூமுக்கு லைன் போகுது. அதை அவ ரூமுக்குள்ள போகாமலே கழத்தி முடுக்கிரலாம்னு முடிவு பண்ணிட்டேன்.

காலைல அவ நாலெழுத்தைத் தட்டிப் பாத்துட்டு, ஆன்-லைன்னு வந்த பெறவு குளிக்கப் போனா. கை சும்மா இருக்குமா? வழக்கப்படி ஊமையாக்கிட்டு ஒரு இழுப்பு. அவ வந்து, அவசரத்துல பொட்டு வச்சுக்கிட்டே ஹெட்போனை மாட்டி உக்காந்துட்டா. ஹெட்போன் சத்தம் தனி, லேப்டாப்பு ஊமையானது அவளுக்குத் தெரியல. திரும்ப ஒரு தடவை தட்டிப் பாத்திருக்கலாம்லா? பாக்கல. கரண்ட் போனா அப்பாவைக் கூப்பிட்டு லேப்டாப்பு சத்தம் குடுக்கும்னு நம்பிட்டா. எந்திரத்தை நம்புனா இப்படித்தான்.

இப்ப நீங்க ஒண்ணு தெரிஞ்சுக்கிடணும். கரண்ட் வேலைன்னா எங்களுக்குச் சட்டம் இருக்கு. லைன்ல கை வைக்கதுக்கு முன்னால ஷட் டவுன் எடுக்கணும். எடுக்கதுக்கு முன்னால அறிவிப்பு குடுக்கணும். பியூஸைப் பிடுங்கினா அதைச் சட்டைப் பைல போட்டுக்கிடணும், இல்லைன்னா தெரியாத பய எவனாவது வந்து சொருகிட்டான்னா மேல நிக்கவன் கதி அவ்வளவுதான். எத்தனை லைன்மேனை நான் இதைச் சொல்லிக் காப்பாத்தியிருக்கேன் தெரியுமா?

அறிவிப்பு குடுத்தேன். அவ கதவுக்கு வெளிய நின்னு, ஒரு சின்ன ஷட் டவுன் எடுக்கேம்மான்னு கணீர்னு சொன்னேன். ஹெட்போன் போட்டிருந்தா கேக்காதுதான். அது யார் தப்பு? கீழ மீட்டர் போர்டுல போயி பியூஸைப் பிடுங்கிப் பைல போட்டேன். மேல வந்து போர்டைக் கழத்துனா, ஒரு ஸ்குரூ மரை தேஞ்சு போயிருக்கு. மரை தேஞ்ச ஸ்குரூவைத் திரும்ப முடுக்க என் கை வராது தம்பி. ரெண்டு தெரு தள்ளி ஹார்டுவேர் கடை. போனேன். கடைக்காரன் நம்ம சாத்தூர்ப் பையன். ஊர்க்கதை பேசி, டீ குடிச்சு, ஸ்குரூ பொறுக்கி எடுத்து வர கொஞ்சம் நேரமாயிட்டு. போன் கையிலதான் இருந்துச்சு. ஆனா அதுல சார்ஜ் இல்ல, ராத்திரி சார்ஜர் சுவிட்சை நானே அணைச்சு வச்சிருந்தேன்.

வந்து பாத்தா மக மீட்டர் போர்டுக்கு முன்னால நிக்கா. செருப்பு போடல. கரண்ட் போனதுமே போன்ல இருந்து நெட்டை எடுத்துச் சமாளிச்சிருக்கா, கெட்டிக்காரி. பாதி இன்டர்வியூ வரைக்கும் நல்லாத்தான் போயிருக்கு. ஆனா லேப்டாப்புல சார்ஜ் ஏறவே இல்லைல்லா, அதுவும் கறுத்துட்டு. கீழ ஓடி வந்து பாத்தா பியூஸ் இருந்த எடம் ஓட்டையாக் கெடக்கு.

'அப்பா, பியூஸ் எங்கப்பா?'ன்னா.

பைல இருந்து எடுத்து நீட்டினேன். கூடவே ஸ்குரூவையும் காட்டினேன். நல்ல பித்தளை ஸ்குரூ. அதை அவ பாக்கவே இல்ல. பியூஸைச் சொருகிட்டு மேல போயி, லேப்டாப்பைத் தெறந்து, கடைசிச் சொட்டு சார்ஜ்ல அது முழிச்ச நிமிஷத்துல அந்த நாலெழுத்தைத் தட்டினா. ஆஃப்-லைன்னு வந்துச்சு. வீடு பூராக் கரண்ட் வந்த பெறவும் ஆஃப்-லைன். மெதுவா எந்திரிச்சுப் போயி சொவத்துல இருந்த சுவிட்சைப் பாத்தா. அதைப் போட்டா. அப்புறம் அந்த ஒலிபெருக்கிச் சாவியை அமுக்கிப் பாத்தா. அப்படியே அடுக்களைக்குப் போயிட்டா. கொஞ்ச நேரங்கழிச்சு, குழாய்த் தண்ணி சும்மா ஓடிக்கிட்டே இருக்கேன்னு அடைக்கப் போனேன். அழுகுத சத்தம் கேக்கக் கூடாதுன்னு தெறந்து விட்டிருக்கா.

அந்த இடம் வேற யாருக்கோ போயிட்டு. சிங்கப்பூர்க்காரரு, வீட்டுல கரண்டைக்கூட பாத்துக்கிட முடியாதவ ஒரு கூட்டத்தை எப்படிப் பாத்துக்கிடுவான்னு கேட்டாராம். எனக்கு அந்த ஆளு மேலதான் கோவம். எம் மகளை அப்படிச் சொல்ல அவன் யாரு?

மக என்னை ஒரு வார்த்தை ஏசல. ஏசியிருந்தா நானும் ரெண்டு பேசியிருப்பேன், முடிஞ்சு போயிருக்கும். ரெண்டு நாள் கழிச்சு என் கட்டில்ல வந்து உக்காந்து, 'நீங்க கொஞ்ச நாள் ஊர்ல இருங்கப்பா'ன்னா. கொஞ்ச நாள்னா எவ்வளவுன்னு நான் கேக்கல. வீடு பூட்டிக் கெடந்தா கரையான் வச்சிரும்லா, அதை நெனச்சுச் சொல்லியிருப்பா. மாப்பிள்ளைதான் பரண்ல ஏறிப் பெட்டியை எடுத்துக் குடுத்தாரு.

அன்னா, மேல அந்த நீலப் பை தெரியுதா? அதுல அவ பழைய லேப்டாப்பு இருக்கு. அதைக் குடுத்துத்தான் அனுப்பினா. தினம் காலைல எந்திரிச்சதும் சுவிட்சைப் போட்டு, அந்த நாலெழுத்தைத் தட்டுங்கப்பா, அது தானா எனக்கு வந்து சேந்துரும்னா. ரெண்டு நாள் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தா. எதுக்கு தினமும்னு கேட்டேன். ஊர்ல சப்ளை எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியணும்ப்பான்னா. பாத்தீயளா? மெட்ராசுல இருக்கவளுக்குக் கோயில்பட்டி சப்ளை மேல அக்கறை. இ.பி.க்காரன் மகள்லா. ஒரு நாள் தட்டலைன்னா உடனே பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுருவேன்னு வேற சொல்லியிருக்கா. கரண்ட் போச்சான்னு கேக்க பக்கத்து வீட்டுக்காரன் எதுக்கு? அவனுக்கு என்ன தெரியும்?

என்ன தம்பி, முகம் ஒரு மாதிரி ஆயிட்டு? இருங்க, உங்க லேப்டாப்பும் மங்கலா ஆகுதே. சொருகித்தான இருக்கு? அந்த நாலெழுத்தைத் தட்டிப் பாருங்க. ஏ, சி, பி, ஐ. கோடு, ஏ. என்ன வருது? ஆஃப்-லைனா?

பாத்தீயளா, நான் சொன்னேம்லா. இந்த ரயில் பெட்டியிலயும் வயரிங் லூசுதான். அப்பமே போன் சுவிட்சை அணைக்கையில நெனச்சேன், ரெண்டு சுவிட்சும் ஒட்டி ஒட்டி இருக்கேன்னு. ஸ்குரூடிரைவர் பைலதான் இருக்கு, எடுக்கட்டா?

வேண்டாமா? சரி. நீங்களே எட்டிப் போட்டுட்டீயளா. வந்துட்டுல்லா? போடுங்க, போடுங்க. எங்க வீட்டம்மாவும் இப்படித்தான். ஒண்ணும் பேச மாட்டா. பின்னால வந்து போட்டுட்டுப் போயிருவா. அவ போன பெறவு ஒரு மாசம் அந்த வீட்டுல தனியா இருந்தேன். அணைச்சது அணைச்ச மேனிக்கே கெடந்துச்சு தம்பி. ராத்திரி எந்திரிச்சா எனக்கே வழி தெரியல.

நாளைக்கு வெள்ளன எந்திரிக்கணும். சர்வீஸ்ல இருந்தப்பவே ரிப்போர்ட்டை நான் ஒரு நாளும் லேட்டா அனுப்புனது கெடையாது. மக பாத்துக்கிட்டு இருப்பா.

பேச்சு பேச்சா கோயில்பட்டி வந்துட்டு, நான் தூங்கவே இல்ல. அந்த நீலப் பையை மட்டும் கொஞ்சம் இறக்கிக் குடுங்க, மெதுவா. வாரேன் தம்பி. மேல ஓடுத பேனு எனக்குத்தான ஓடிச்சு? நான் எந்திரிச்ச பெறவு இந்த சீட்டுல ஆளில்ல. அணைச்சிட்டு எறங்குதேன்.